ஆனந்தமும் மயக்கமும்

(மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று திருவாதிரை. வைகறையில் ஆடல்வல்லான் திருமுன் நின்று, அபிடேகம் கண்டு, களியமுது பெற்று வந்து அமர்ந்திருக்கிறீர்கள். பெருமான் ஆடுவது ஆனந்தக் கூத்து. தூக்கிய திருவடியில் அருள். ஊன்றிய திருவடியின் கீழே முயலகன். வடமொழியார் அவனை அபஸ்மாரன் என்பர். நினைவு அழிதல் என்பது அச்சொல்லின் பொருள். ஆனந்தம் மேலே இருக்கிறது. நினைவழிவு காலின்கீழ்க் கிடக்கிறது. இவ்விரண்டும் ஒன்றே என்று நம் பிள்ளைகளுள் சிலர் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆதலின் இன்று கஞ்சாவைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கோயில் மேடையில் கஞ்சாப் பேச்சா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. அந்தச் செடிக்குச் ‘சிவமூலி’ என்று பெயர் சூட்டி, எம்பெருமான் திருப்பெயரையே தெருவில் விலை கூறுகிறார்கள். அதற்கு இந்த மேடை விடை சொல்லாவிட்டால் வேறு எந்த மேடை சொல்லும்?

ஒரு தந்தையின் கேள்வி

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் கஞ்சாப் புகைப்பவர்களை எள்ளி நகையாடினேன். ‘அத்தகையவனை வீட்டில் வைத்திருந்தால் வீடு சுடுகாடாகும்’ என்றேன். நீங்கள் கை தட்டினீர்கள்; நானும் மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டு சொற்பொழிவு முடிந்து பந்தல் வெறிச்சோடிய பின், ஓர் அன்பர் தூண் ஓரமாக நின்றிருந்தார். அருகில் வந்து, “ஐயா, தாங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகனுடைய பையில் பொட்டலம் இருந்தது. இனி இந்த வாசற்படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. அவனைப் பெற்றவள் ஒருவேளைச் சோறுகூட ஒழுங்காக உண்பதில்லை. நான் செய்தது சரிதானே ஐயா?” என்று கேட்டார்.

அன்பர்களே! ஆயிரம் பேர் நடுவே தடையின்றிப் பேசிய எனக்கு அந்த ஒருவருக்கு விடை சொல்ல நா எழவில்லை. அவரிடம் முகவரி கேட்டு, அந்தப் பிள்ளையைத் தேடிச் சென்றேன். அவன் என்னை மதித்தே வரவேற்றான். ஆனால் மூன்று கேள்விகளை என் முன் வைத்தான். “சிவபெருமானே கொண்டதை நான் கொண்டால் பிழையா? வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே குழு அமைத்து ஆராய்ந்து, இதனால் பெருந்தீங்கு இல்லை என்றார்களே, அது பொய்யா? இன்று நாடுகள் ஒவ்வொன்றாகத் தடையை நீக்குகின்றனவே, அவர்களெல்லாம் அறிவிலிகளா?” என்றான். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. வீடு திரும்பி நூல்களைத் தேடிப் படித்தேன். அன்று கூறாத விடையை இன்று கூறுகிறேன்.

சிவபெருமான் பெயரால்

வடநாட்டிலே மகாசிவராத்திரியன்று கஞ்சா இலையை அரைத்துப் பாலிற் கலந்து ‘பாங்கு’ என்று அருந்தும் வழக்கம் உண்டு. காசியில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகளே இருக்கின்றன. நேபாளம் 1973இல் கஞ்சாக் கடை உரிமங்களை நீக்கியது. எனினும் பசுபதிநாதர் கோயிலில் சிவராத்திரிக்குக் கூடும் துறவியருட் சிலர் இன்றும் புகைக்கிறார்கள். அவர்கள் நாட்டு வழக்கை இகழ்வது நம் வேலையன்று. ஆனால் வழக்கம் வேறு, நெறி வேறு. நம் திருக்கோயில்களில் எந்தக் காலப் பூசையில் கஞ்சா நிவேதனம் ஆகிறது? அறுபத்து மூவருள் கஞ்சாப் புகைத்துக் கயிலை சேர்ந்தவர் யார்? திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது 93ஆம் அதிகாரம். திருமூல நாயனாரும் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலே கள்ளுண்ணாமையைத் தனியே எடுத்து ஓதினார். அறிவை மறைப்பது எதுவாயினும் அது சிவநெறிக்குப் பகை என்பதே அப்பெரியோர் துணிவு.

பெருமான் சடையிலே ஊமத்தம்பூ இருக்கிறது. ஊமத்தை நஞ்சுடைய செடி. கழுத்திலே பாம்பு இருக்கிறது. கண்டத்திலே ஆலகாலம் இருக்கிறது. தேவர் மாளாதபடி, பிறர் உண்ண வேண்டாதபடி, தாம் ஒருவராக வாங்கி உண்டார் அந்நஞ்சை. ‘அவர் உண்டார், ஆகவே யாமும் உண்போம்’ என்று நஞ்சுக் கிண்ணத்தை எடுப்பார் உண்டோ? அவர் உண்டது கருணை; நாம் உண்டால் அது மடமை.

பழைய குழுவும் புதிய ஆய்வும்

இரண்டாவது கேள்வி. பிள்ளை சொன்னது பொய்யன்று. 1893இல் அரசு இந்தியக் கஞ்சா ஆராய்ச்சிக் குழுவை அமைத்தது. அக்குழு நாடெங்கும் 1193 பேரிடம் வாக்குமூலம் பெற்று, 1894இல் அறிக்கை தந்தது. அளவாகக் கொள்வதால் பெரிய தீங்கில்லை, முற்றத் தடுக்க வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று அது கூறியது உண்மை. ஆனால் அளவு மீறினால் உடலும் உள்ளமும் கெடும் என்றும் அதே அறிக்கை கூறுகிறதே! அதை அவன் படிக்கவில்லை. படித்தவர் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

அன்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றல்ல. மயக்கம் தரும் பொருள் டி.எச்.சி. எனப்படுவது. இசுரேல் நாட்டு அறிஞர்களாகிய மெக்கூலமும் காவோனியும் 1964இல் அதைப் பிரித்து அறிந்தனர். அமெரிக்காவிலே கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் அப்பொருள் 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடு. 2014இல் 12 விழுக்காடு. இருபதே ஆண்டுகளில் மும்மடங்கு! பாட்டன் கண்ட செடியைக் காட்டிப் பேரன் கையில் வேறொன்றைக் கொடுக்கிறார்கள்.

சுவீடன் நாட்டிலே 1969, 1970ஆம் ஆண்டுகளில் படைக்குச் சேர்க்கப்பட்ட 45,570 இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்து, 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். சேரும் முன்பே ஐம்பது முறைக்கு மேல் கஞ்சாக் கொண்டிருந்தவர்க்கு மனச்சிதைவு நோய், கொள்ளாதவரைக் காட்டிலும் ஆறு மடங்கு மிகுதியாக வந்திருந்தது. கொண்டவர் அனைவருக்கும் வரவில்லை. பெரும்பாலோர்க்கு வரவில்லை என்பதையும் மறையாமல் சொல்ல வேண்டும். கஞ்சா மட்டுமே காரணமா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். ஆயினும் இளமையில் தொடங்குவோர்க்கும், குடும்பத்தில் அந்நோய் உடையோர்க்கும் ஆபத்து மிகுதி என்பதில் ஐயம் குறைவு. மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது. வளர்கின்ற பயிரில் அல்லவா வெந்நீர் ஊற்றுகிறோம்!

நம் நாட்டு நிலை என்ன? 2019இல் வெளிவந்த மைய அரசின் ஆய்வு, ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் பேர் பாங்கு, கஞ்சா, சரசு ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டனர் என்கிறது. அவருள் 72 லட்சம் பேர் பிறர் உதவியின்றி மீள இயலாத துன்பத்தில் இருந்தனர். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு அன்றோ?

உள்ளே இருக்கும் ஆனந்தம்

இங்கே ஒரு வியப்பைக் கேளுங்கள். கஞ்சா ஏன் மூளையைப் பற்றுகிறது என்று தேடிய அறிஞர்கள், 1992இல் எருசலேமிலே, நம் உடம்பு தானே சுரக்கும் ஒரு பொருளைக் கண்டனர். கஞ்சாவின் பொருள் சென்று அமரும் இருக்கை, உண்மையில் இந்தப் பொருளுக்காக அமைந்தது. அதற்கு அவர்கள் என்ன பெயர் இட்டார்கள் தெரியுமா? ‘ஆனந்தம்’ என்ற வடசொல்லை எடுத்து ‘ஆனந்தமைடு’ என்று இட்டார்கள்! அதுதான் சிவானந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அது உடற்பொருள், மாயையின் காரியம். ஆயினும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. உடம்பு அதை வேண்டும்போது, வேண்டும் அளவு சுரந்து, சிறிது நேரத்திலேயே கரைத்துவிடுகிறது. கஞ்சாவோ வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு, அவன் நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்துவிடும் அயலான். அவன் அமர்ந்திருக்கும் வரை நினைவு தடுமாறும், காலக் கணக்குத் தவறும், கற்றது நில்லாது. அடிக்கடி வந்தால், அவன் இல்லாதபோது வீடே வெறுமையாகத் தோன்றும். இதையே பழக்க அடிமை என்கிறோம்.

நம் சித்தாந்தம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. உயிர் நனவினின்று கனவிற்கும், கனவினின்று உறக்கத்திற்கும் கருவிகளை ஒவ்வொன்றாக இழந்து இறங்குவது கீழாலவத்தை. அருளால் மலம் நீங்கி அறிவு விளங்கி ஏறுவது நின்மலாவத்தை. இரண்டிலும் ‘நான்’ என்னும் முனைப்பு அடங்குவது போலத் தோன்றும். ஆனால் ஒன்றில் அறிவு இருளில் அடங்குகிறது. மற்றொன்றில் ஒளியில் அடங்குகிறது. இருட்டறையில் கண் காணாததும், கதிரவன் முன் விளக்கொளி தோன்றாததும் ஒன்றாகுமா? ஆணவ மலம் ஏற்கெனவே உயிரை மறைத்துக் கிடக்கிறது. அந்த இருளுக்கு மேல் காசு கொடுத்து இன்னோர் இருளை வாங்குவானேன்?

சட்டம் பற்றிய வழக்கு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உருகுவே 2013இலும், கனடா 2018இலும் விற்பனைக்கே இடம் தந்தன. செருமனி 2024 ஏப்ரல் முதல் வளர்ந்தோர் 25 கிராம் வைத்திருக்கவும், மூன்று செடி வளர்க்கவும் விட்டது. தாய்லாந்து 2022இல் தடையை நீக்கிற்று, கடைகள் பெருகின, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்கிற்று. போர்ச்சுகல் 2001இல் வேறு வழி கண்டது. அங்கே விற்பது இன்றும் குற்றம். தன் பயனுக்குச் சிறிது வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்பாமல், அறிவுரைக் குழுவின் முன் அனுப்புகிறார்கள். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கொடியவை என்ற பட்டியலிலிருந்து கஞ்சாவை 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியது; இந்தியாவும் நீக்கவே வாக்களித்தது. எனினும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது.

தளர்த்துவோர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். ‘கஞ்சா நல்லது’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘சிறை இளைஞனைத் திருத்தவில்லை, தடை கள்ளச் சந்தையை வளர்க்கிறது’ என்கிறார்கள். தளர்த்தாதே என்போர், ‘கடை திறந்தால் வணிகன் ஆசை காட்டுவான், சிறுவன் கைக்கு எளிதில் எட்டும்’ என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. நோய் ஒன்றே, மருந்தைப் பற்றித்தான் வழக்கு. அந்தப் பிள்ளையோ மருந்தைப் பற்றிய வழக்கை, நோயே இல்லை என்ற தீர்ப்பாக எடுத்துக்கொண்டான்.

நம் நாட்டுச் சட்டம் 1985இல் வந்தது. இலையையும் விதையையும் விட்டுப் பூந்தலையையும் பிசினையும் அது தடுத்தது. ஆதலாற்றான் பாங்குக் கடைகள் நின்றன. 2001இல் அளவு நோக்கித் தண்டனையைப் பிரித்தார்கள். 20 கிலோவுக்கு மேற்பட்ட வணிக அளவு வைத்திருப்பவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. ஒரு கிலோ வரையிலான சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவன் தானே முன்வந்து, அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறிதளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து அவனுக்குப் பாதுகாப்புத் தருகிறது. இதனை எத்தனை பெற்றோர் அறிவர்? பள்ளி வாயிலில் விற்கும் வணிகனையும், அதில் வீழ்ந்த மாணவனையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பது என் கருத்து. சட்டம் நாளை எவ்வாறு மாறினும் மாறுக. அதனால் கஞ்சா பிரசாதம் ஆகிவிடாது.

மழவன் மகள்

நிறைவாக அந்தத் தந்தைக்குரிய விடை. திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவன் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. பல மருத்துவமும் செய்து பார்த்தான், தீரவில்லை. அவன் மகளை எங்கே கொண்டுபோய் விட்டான்? ஊர்ப் புறத்திலா? இல்லை, பெருமான் திருமுன்னே கிடத்தினான். அங்கே வந்த ஞானசம்பந்தப் பிள்ளையார், மயங்கிக் கிடந்த அக்குழந்தையைக் கண்டு முகம் திருப்பினாரா? ‘இது என்ன?’ என்று கேட்டார், கேட்டுத் திருவுளம் இரங்கினார், பதிகம் பாடினார், பிள்ளை எழுந்தது. கேட்டதும் இரங்கியதும் முதலில், தீர்ந்தது பின்னர்.

இதில் இன்னொன்றும் உண்டு. கஞ்சாச் செடியிலேயே மயக்கம் தராத கன்னாபிடையால் என்ற கூறு இருக்கிறது. குழந்தைகளின் சில கொடிய வலிப்பு நோய்களுக்கு அதனை மருந்தாக அமெரிக்க அரசு 2018இல் ஏற்றது. மருத்துவன் அளந்து கொடுத்தால் அது முயலகனை அடக்க உதவுகிறது. மனம்போல் புகைத்தால் அச்செடியே முயலகனை எழுப்பிவிடுகிறது.

அன்பர்களே! மறுநாளே அந்தத் தந்தையைக் கண்டு, “ஐயா, நான் சொன்னது தவறு. பிள்ளையை அழைத்து வாருங்கள்” என்றேன். அவர் போய் அழைத்து வந்தார். அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. இடையே இருமுறை மீண்டும் வழுக்கினான். இருமுறையும் கதவு திறந்தே இருந்தது. முற்றும் மீண்டான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்று காலை அம்மூவரும் ஒருங்கே நின்று கூத்தனைக் கும்பிட்டதைக் கண்டேன், அவ்வளவு சொல்வேன். யாரென்று தேட வேண்டா. உங்கள் அருகில் அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இருந்தால் மறைக்க வேண்டா, வெறுக்கவும் வேண்டா. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற எண்ணில் அரசின் உதவி உண்டு. பழக்கம் பகை, பிள்ளை பகையல்லன். பெருமான் முயலகன்மேல் திருவடியை ஊன்றினார். நம்மை நோக்கி அபயக்கரத்தைக் காட்டினார். அந்த இரண்டையும் நாம் மாற்றிச் செய்யாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.