கைதட்டும் கையும் கையெழுத்து வாங்கும் கையும்



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் கலைஞரின் வெற்றிக் கணக்கை வாசித்தார்கள். 1957இல் குளித்தலை, 2016இல் திருவாரூர். இடையில் எத்தனையோ அலை அடித்தது. நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் தோல்வி இல்லை. ஐந்து முறை முதலமைச்சர். 1969 முதல் 2018இல் கண்மூடும் வரை கழகத்தின் தலைவர். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஜெயித்ததையே சொல்லிக்கொண்டிருந்தால் ஜெயித்து வந்து என்ன செய்தார் என்பதை யார் சொல்வது?

எதிர்த்தரப்பு நண்பர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். வசனம் எழுதி வந்தவராம், பேசியே ஆண்டவராம். அய்யா, மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷா 1973இல் ஒழிந்ததே, வசனத்திலா ஒழிந்தது? மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதமும், அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடும் எந்தப் படத்தில் வந்த காட்சி? அறுபதாண்டு அரசியலில் அவர் கோட்டையில் உட்கார்ந்தது ஏறத்தாழ 19 ஆண்டு. அதிலும் 1976இலும் 1991இலும் டெல்லி இரண்டு முறை ஆட்சியைக் கலைத்தது. கிடைத்த நாளில் கையெழுத்துப் போட்ட மனிதரை வெறும் பேச்சாளர் என்பது, அவர் போட்ட கையெழுத்தைப் படிக்காதவன் பேச்சு.

அந்தக் கையெழுத்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப்போகிறேன். பெண்ணுக்குச் சொத்து.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் கேட்டது, பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை. அறுபது ஆண்டு கழித்து, 1989இல் கலைஞர் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. ஆந்திராவில் என்.டி.ராமராவ் நமக்கு முன்பே செய்துவிட்டார், அந்தப் பெருமையை நாம் பறிக்க வேண்டாம். மொத்த இந்தியாவுக்கும் டெல்லி அதைச் செய்தது 2005இல்தான்.

சட்டம் என்றால் தலை சுற்றும், நிலத்தை வைத்துச் சொல்கிறேன். பாட்டன் வழி வந்த பூமி மூன்று ஏக்கர். அப்பா, இரண்டு மகன், ஒரு மகள். அம்மா முன்பே இறந்துவிட்டார். பழைய கணக்கில் பிறந்த உடனே மகனுக்குப் பங்கு உண்டு, மகளுக்கு இல்லை. அப்பாவுக்கு ஒன்று, மகன்களுக்கு ஆளுக்கு ஒன்று. உயில் எழுதாமல் அப்பா கண்மூடினால் அவருடைய அந்த ஒரு ஏக்கரை மட்டும் மூன்று பிள்ளைகளும் பிரிப்பார்கள். மகளுக்கு வருவது 33 சென்ட். ஒவ்வொரு மகனுக்கும் 1 ஏக்கர் 33 சென்ட். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்! 1989 சட்டப்படி எண்ணுங்கள், மூவருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 1989 மார்ச் 25 முதல் நடைமுறை என்றார்கள். அதற்கு முன்பே கல்யாணம் முடிந்த பெண்கள் வெளியே நின்றார்கள். அந்த வேலி 2005இல்தான் விழுந்தது. இன்னொன்று, அதே மார்ச் 25 அன்றுதான் சட்டமன்றத்துக்குள் ஒரு பெரும் அமளியும் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஒரு பெண் தலை கலைந்து வெளியேறினார். இரண்டு தரப்பும் இரண்டு கதை சொல்லட்டும்; நடந்தது வெட்கக்கேடு என்று சொல்ல எனக்கு எந்தத் தலைமைக் கழகத்தின் அனுமதியும் தேவையில்லை.

என்ன, கைதட்டல் குறைகிறதே? இனிமேல் இன்னும் குறையும்.

சட்டம் வந்து இத்தனை ஆண்டாகிறது. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். அண்ணன் கார் வைத்துத் தங்கையைக் கூட்டிவருவான், டிபன் வாங்கித் தருவான். எதற்கு? பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க! யாருக்கு யாரிடமிருந்து விடுதலை? நகை போட்டோமே, சீர் செய்தோமே, அதுதான் உன் பங்கு என்பான். போட்ட நகை எத்தனை பவுன், நிலத்தின் இன்றைய விலை என்ன என்று அவள் கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்படும். அந்தப் பயத்தில் போடுகிறாள். அந்த அண்ணன்களில் கருப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டியவன் ஒருவனும் இல்லை என்று இந்த மேடையில் ஏறிச் சத்தியம் செய்ய யார் தயார்? கலைஞர் கொடுத்ததைக் கலைஞர் படம் மாட்டிய வீட்டிலேயே பிடுங்கிக்கொண்டு, அவர் பிறந்தநாள் ஜூன் 3 வந்தால் கேக் வெட்டுகிறோம்!

மணி பத்து ஆகப்போகிறது, காவல்துறை நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தை நீட்டினால் அங்கேயே போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சர்வே எண்ணைப் பாருங்கள், பரப்பைப் பாருங்கள், தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்கே போட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறானா, பங்கு பெரிது என்று புரிந்துகொள்ளுங்கள்.

விழாக் குழுவுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு இதே மேடைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். தங்கைக்குச் சரிபாதி பிரித்துக் கொடுத்த ஒரு தோழரைத் தேடிப் பிடித்துப் பேச வையுங்கள். இந்த வட்டத்தில் அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லையென்றால், கையெழுத்துப் போட்டுப் பங்கை இழந்த ஒரு தங்கையிடம் மைக்கைக் கொடுங்கள்.