கடல் முள்ளெலியும் கலப்புத் தீவனமும்



அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதிகளுள் ஒன்று. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, உங்களுள் பலர் கண்ணால் கண்டிராத ஒரு கடல் உயிரைப் பற்றியது. அதற்கு ஊட்டும் உணவைப் பற்றியது. ஆகவே கடலுக்குப் போகுமுன், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறிது நேரம் நிற்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பால்கோவா. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பால்கோவாவின் சுவைக்கு அடிப்படை பால். பாலுக்கு அடிப்படை மாடு தின்னும் தீனி. பக்கத்து ஊராகிய இராஜபாளையமோ பஞ்சாலை நகரம். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அங்கே நூற்பாலையை நிறுவினார். பருத்தியில் பஞ்சு ஆலைக்குப் போகும். கொட்டை மாட்டுக்குப் போகும். கொட்டையை ஊறவைத்து ஆட்டித் தவிடும் புண்ணாக்கும் கலந்து கறவை மாட்டுக்கு வைப்பதை என் இளமை முதல் நான் கண்டு வருகிறேன். கலப்புத் தீவனம் என்பதன் கருத்து இதுவே. ஒரு பொருளில் இல்லாததை மற்றொரு பொருள் நிரப்ப, உயிரின் தேவையை அறிந்து அளவோடு கலப்பதுதான் அது.

ஆனால் ஓர் உயிரின் தீனி மற்றோர் உயிருக்கு அப்படியே பொருந்தாது. பருத்திக்கொட்டையில் காசிபால் என்னும் ஒரு பொருள் உண்டு. வளர்ந்த மாட்டின் முன்வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் கேட்டைப் பெரும்பாலும் தணித்துவிடுகின்றன. கோழிக்கும் மீனுக்கும் அத்தகைய வயிறு இல்லை; ஆதலால் அவற்றுக்கு மிகுதியாகக் கொடுத்தால் தீங்கு நேரும். உண்பவர் யார் என்று அறிந்த பின்னரே உணவைக் கலக்க வேண்டும்.

இனிக் கடலுக்குச் செல்வோம். கடல் முள்ளெலி என்பது எலியும் அன்று, மீனும் அன்று. நட்சத்திர மீனின் இனத்தது. உருண்டையான சுண்ண ஓடு. அதன்மேல் அசையும் முட்கள். நான் பணியிலிருந்த காலத்தில், தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைத்த ஓர் ஓட்டை வகுப்பு மேசைமேல் வைத்து, “இதில் எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது?” என்று கேட்பேன். பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “ஐந்து, ஐயா” என்பார்கள். ஓட்டின் அமைப்பு ஐந்து, பற்கள் ஐந்து, உள்ளே இனப்பெருக்கச் சுரப்பிகளும் ஐந்து. அப்பற்கள் அமைந்த வாய்க்கருவியை ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ என்று அறிஞர் வழங்குகின்றனர். அதனை அந்தக் கிரேக்க அறிஞர் விளக்குக்கு ஒப்பிட்டதாகக் கொண்டமையால் அப்பெயர் வந்தது.

இவ்வுயிரில் மக்கள் உண்பது அந்த ஐந்து சுரப்பிகளை மட்டுமே. ஆண், பெண் இரண்டிலும் அவை உண்ணத்தக்கவை. ஜப்பானியர் அதனை ‘ஊனி’ என்று அழைத்து, உயர்ந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். நம் கரையில் அதனை உண்ணும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

கடற்பாசியை மேயும் இவ்வுயிருக்கு மனிதன் ஏன் தீனி கொடுக்க வேண்டும்? இங்குதான் செய்தி இருக்கிறது. 2013 முதல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நட்சத்திர மீன்கள் ஒரு நோயால் பெருவாரியாக மடிந்தன. முள்ளெலியைத் தின்று அடக்கி வைத்திருந்த காவலர் போயினர். அடுத்து வந்த ஆண்டுகளில் கடல் நீரும் வெம்மையுற்றது. முள்ளெலிகள் பெருகின, வட கலிபோர்னியாவில் கடற்பாசிக் காட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. தின்னப் பாசி இல்லாதபோதும் முள்ளெலி எளிதில் சாவதில்லை. உள்ளே வெறுமையாகப் பல ஆண்டுகள் உயிர் தாங்கி, தளிர்க்கும் பாசியையும் அரித்துவிடும். வெறும் ஓட்டை விலை கொடுத்து வாங்குவார் யார்? ஆயினும் அவற்றைப் பிடித்துத் தொட்டியிலிட்டுத் தக்க தீவனம் கொடுத்தால், இரண்டு மூன்று மாதங்களில் சுரப்பிகள் நிறைகின்றன. நார்வே நாட்டின் நோபிமா ஆராய்ச்சி நிலையம் இத்தகைய தீவனத்தை உருவாக்கியது.

அத்தீவனத்துக்கு வேண்டுவன யாவை? முதலாவது, கட்டு. முள்ளெலி மெல்ல மெல்லக் கொறிக்கும்; அதுவரை தீவனம் நீரில் கரையாமல் நிற்க வேண்டும். இரண்டாவது, புரதம். அது குறைந்தால் சுரப்பி வளராது. மிகுந்தால் விரைவில் வளரும், ஆனால் கசக்கும். மூன்றாவது, நிறம். பீட்டா கரோட்டீன் என்னும் சத்தைக் கொண்டே முள்ளெலி தன் பொன்னிறத்தை ஆக்கிக்கொள்கிறது. அது தீவனத்தில் இல்லையேல் சுரப்பி வெளிறிப்போகும். ஜப்பானில் கனகாவா மாநிலத்து ஆய்வாளர்கள், விற்பனைக்கு ஆகாத முட்டைக்கோசைக் கொடுத்தே சுவை மிக்க முள்ளெலியை வளர்த்துக் காட்டினர். கழிவு என்று ஒதுக்கியது உணவாயிற்று.

இவ்விடத்தில் நம் கரையை நினையாதிருக்க முடியவில்லை. தீவனத்துக்குக் கட்டாகும் அகார், ஆல்ஜினேட் என்பவை கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுபவை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இராமநாதபுரம் கரைப் பெண்கள் பெயர் சொல்லிச் சேகரிக்கும் பாசிகளே அவற்றின் மூலம். புரதத்துக்குப் புண்ணாக்கு நம் பக்கத்தில் உண்டு. 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதன் கிளை உண்டு. சென்னையில் 1987-இல் தோன்றிய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டே இறால் தீவனம் செய்து காட்டியிருக்கிறது. கையில் பொருளும் உண்டு, அறிவும் உண்டு.

எனினும் பொருள் இருப்பது மட்டும் போதாது. வரிசை அறிந்து செய்ய வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டின் பொலினாவோவில் முள்ளெலியை அளவின்றி அள்ளினர். 1992-இல் அத்தொழில் அடியோடு சரிந்தது. பின்னரே அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர், குஞ்சு பொரிப்பித்து வளர்த்து மீண்டும் கடலில் விட வேண்டியதாயிற்று. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பவளத்தை மூடும் பாசியை மேய்ந்து அதனைக் காப்பதில் முள்ளெலிக்கும் பங்குண்டு. கலிபோர்னியாவில் மிகையான உயிர் இங்கே மிகை அன்று. ஆதலின் வளர்ப்பு என்ற பெயரால் கடலை வெறுமையாக்குவது அறிவுடைமை ஆகாது. பொரிப்பகம் முந்த வேண்டும். விற்பனை பிந்த வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இறால் தீவனத்துக்கு மீன்தூள் வேண்டியிருக்கிறது. ஏழைக் குடும்பத்தின் குழம்புச் சட்டிக்குப் போகக்கூடிய சாளை போன்ற சிறு மீன், ஆலையில் அரைபட்டுச் செல்வர் உண்ணும் இறாலின் தீனியாகிறது. முள்ளெலியோ பெரும்பாலும் பாசி உண்பது. மீன்தூள் இன்றியே அதனை வளர்க்க இயலும். ஒரு தொழிலின் இலாபத்தைக் கணக்கிடும்போது, யாருடைய தட்டிலிருந்து எடுத்து யாருடைய தட்டில் வைக்கிறோம் என்பதையும் கணக்கிட வேண்டும் அல்லவா?

மாணவர்களே, விலங்கியல், வேதியியல், பொருளியல் என்று நீங்கள் தனித்தனிப் பாடமாகப் படிப்பவை ஒரு பிடித் தீவனத்தில் ஒன்றுகூடுகின்றன. உங்கள் வீட்டு மாட்டுத் தொட்டியில் என்னென்ன கலக்கிறார்கள், ஏன் கலக்கிறார்கள் என்று இன்றே கேட்டு எழுதிவையுங்கள். அதனை விளக்க வல்லவர், நாளை கடல் உயிருக்கும் தீவனம் கலக்க வல்லவர் ஆவார்.