கணக்கு எழுதுவதும் சாட்சிதான்

(கூட்டமைப்பின் லெந்து கால உறுப்பினர் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



லெந்து நாட்கள் நடக்கின்றன. கத்தோலிக்கச் சகோதரிகள் இதைத் தவக்காலம் என்று சொல்வார்கள். நம்மில் சிலர் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டிருக்கிறோம், சிலர் பூ வைப்பதை நிறுத்தியிருக்கிறோம். வேறு நம்பிக்கை உள்ள சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். இன்று பேசப்போவது வேத புத்தகத்திலிருந்து என்றாலும், விஷயம் நம் எல்லாருடைய பணப்பெட்டியைப் பற்றியது. அதனால் எல்லாரும் கேளுங்கள்.

வேதத்தில் 'உத்தமம்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். எளிமையாகச் சொன்னால், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இல்லாமல் இருப்பது. கோயிலில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், குழுவில் ஒரு முகம் வைத்துக்கொள்ளாமல் எங்கேயும் ஒரே ஆளாக இருப்பது.

இந்த உத்தமம் எங்கே சோதிக்கப்படுகிறது? ஜெபக்கூட்டத்தில் எல்லாருமே நல்லவங்கதான். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, சேமிப்பை எண்ணி, ரொக்கப் புத்தகத்தில் எழுதுகிறோமே, அங்கேதான் சோதனை. ஏனென்றால் அந்தப் பணம் நம்முடையது மட்டும் அல்ல. பதினைந்து பேர் களை எடுத்த கூலி, பீடி சுற்றிய கூலி, பால் ஊற்றிய காசு அதில் இருக்கிறது.

நம்பிக்கை இருந்தால் கணக்கு எதற்கு?

குழுக்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. "அந்த அக்கா நல்லா ஜெபிக்கிறவங்க. அவங்ககிட்டப் போய் கணக்குக் கேட்கலாமா?" இப்படிச் சொல்லியே எழுதாத சீட்டில் கையெழுத்துப் போடுகிறோம். பாஸ்புக் ஒரே வீட்டு பீரோவில் இருக்கிறது. வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான், நாம் கொடுத்த தவணை போய்ச் சேரவில்லை என்று தெரிகிறது. பணம் போனது ஒரு பக்கம். "வேதக்காரி செஞ்ச வேலையப் பாரு" என்று ஊர் பேசுவது இன்னொரு பக்கம்.

பவுல் அப்போஸ்தலரை யாராவது சந்தேகப்படுவார்களா? கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகச் சபைகள் பணம் சேர்த்தன. "என் கையில் கொடுங்கள்" என்று பவுல் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார். அதில் ஒருவரைச் சபைகளே இந்தப் பணத்துக்காகத் தேர்ந்தெடுத்தன. காரணத்தையும் அவரே சொல்கிறார். இவ்வளவு பெரிய காணிக்கை விஷயத்தில் யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது, கடவுள் முன்னால் மட்டும் சரியாக இருந்தால் போதாது, மனுஷர் முன்னாலும் சரியாக இருக்க வேண்டும் என்கிறார். வங்கிக்கு ஒருத்தராகப் போகாதீங்க என்று நாம் சொல்வதை ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன்பே அவர் செய்து காட்டியிருக்கிறார்.

சாமுவேல் தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போனார். வயதான காலத்தில் ஜனங்கள் எல்லாரையும் கூட்டி, யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று அவராகவே கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று ஜனங்கள் சாட்சி சொன்னார்கள். இதே சாமுவேலின் இரண்டு பிள்ளைகள் லஞ்சம் வாங்கினார்கள் என்றும் வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. அப்பாவின் பக்தி பிள்ளையின் கையைச் சுத்தமாக்கவில்லை. பக்தியுள்ள குடும்பம் என்ற பெயர் கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாக ஆகாது.

ஏழைகள் பெயரைச் சொல்லி

அடுத்தது எங்களைப் போன்ற தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கே அதிகம் பொருந்துகிற விஷயம். இயேசுவின் சீடர்களில் பணப்பையை வைத்திருந்தவன் யூதாஸ். மரியாள் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றியபோது, இதை 300 பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. கேட்க எவ்வளவு நல்ல பேச்சு! ஆனால் அவன் பையிலிருந்து எடுக்கிறவன் என்று யோவான் எழுதுகிறார். ஆகவே, ஏழைகளைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் சுத்தமானவர்கள் என்று நம்பிவிடாதீங்க. கடன் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர் யாராக இருந்தாலும், எங்களில் ஒருவராகவே இருந்தாலும், கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஒரு பிடி அரிசி

மிசோரத்தில் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் 1910இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்று, பணத்தைச் சபையில் சேர்ப்பார்கள். இன்றைக்கும் இது நடக்கிறது. நம் ஊர்ச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு.

யோசித்துப் பாருங்கள். அடுப்படியில் அந்தப் பிடியை யார் எண்ணுகிறார்கள்? கை கொஞ்சம் சுருங்கினாலும் யாருக்கும் தெரியாது. அங்கே மனசாட்சிதான் கணக்குப்பிள்ளை. அதே அரிசி பொதுவுக்கு வந்த பிறகு அளந்து, எழுதி, எல்லாருக்கும் சொல்ல வேண்டும். உத்தமத்துக்கு இந்த இரண்டும் வேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் குறைக்காத கை, எல்லாரும் பார்க்கும்படி திறந்த புத்தகம்.

நம் குழுக்களுக்கு பஞ்ச சூத்திரம் என்று ஐந்து விதிகள் சொல்கிறோம். ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்குப் பதிவு. வராதவருக்கு வருகைக் கையெழுத்துப் போடுவது, தன் பெயரில் கடன் எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது, மாடு வாங்காமலே மாட்டுக் கடன் என்று எழுதுவது எல்லாம் சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். பெரிய தவறு இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

முடியாமை வேறு, ஏமாற்று வேறு

தவணை கட்ட முடியாத சகோதரியையும், பணத்தை எடுத்துக்கொண்ட சகோதரியையும் ஒரே தராசில் வைக்காதீங்க. எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு விதவை வந்தாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். அவள் ஓடி ஒளியவில்லை. இருக்கிற நிலைமையை அப்படியே சொன்னாள். வீட்டில் இருந்த கொஞ்சம் எண்ணெய் பெருகியபோது, விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு மிச்சத்தில் பிழைத்துக்கொள் என்றார் எலிசா. முதலில் கடன், பிறகு மிச்சம். கஷ்டம் வந்தால் குழுவில் வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னவளுக்குத் தவணையை மாற்றித் தர குழுவால் முடியும்.

சரி, எடுத்தே விட்டவர் என்ன செய்வது? சகேயு எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன். இயேசு அவனுடைய வீட்டுக்கு வந்தபோது, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். லேவியராகமத்தில், ஏமாற்றி எடுத்ததை முழுவதும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. 5,000 ரூபாய் எடுத்திருந்தால் 6,000 ரூபாய். "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார்" என்று சொல்லிப் பணத்தை மறந்துவிட அங்கே இடமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இயேசு முதலில் சகேயுவின் வீட்டுக்குப் போனார், ஊர் முணுமுணுத்தது. அதன் பிறகுதான் பணத்தைப் பற்றிய பேச்சே வந்தது. நம் குழுவில் தவறு நடந்தால் அந்தச் சகோதரியின் வாசலில் கூட்டமாக நின்று சத்தம் போடாதீங்க. அவள் பிள்ளைகள் பார்க்கும்படி பேசாதீங்க. அவமானம் தாங்காமல் ஒரு உயிர் போனால் எந்தக் கணக்கு அதை ஈடுசெய்யும்? இரண்டு பேர் அமைதியாகப் போய்ப் பேசுங்கள். அதற்காக மூடி மறைக்கவும் கூடாது. குழுக் கூட்டத்தில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் தொகையும் தேதியும் எழுதி, கட்டக்கட்ட ரசீது கொடுங்கள்.

ஈஸ்டர் வருவதற்குள் ஒவ்வொரு குழுவும் மூன்று காரியம் செய்யுங்கள். ரொக்கப் புத்தகத்தை ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிக்கட்டும், படிக்கத் தெரியாத சகோதரிகளும் கணக்கைத் தெரிந்துகொள்வார்கள். பாஸ்புக்கை வங்கியில் பதிந்து வந்து கூட்டத்தின் நடுவில் வையுங்கள். எழுதாத சீட்டில் இனி யாரும் கையெழுத்துப் போடாதீங்க. ஊக்குநர், பிரதிநிதிகளாக இருக்கும் சகோதரிகளே, மற்றவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் சாமுவேலைப் போல நீங்களே முதலில் கேளுங்கள்.

உபவாசம் இருக்கிற நம்மைக் கடவுள் பார்க்கிறார். கணக்கு எழுதும்போதும் அவர்தான் பார்க்கிறார்.