எங்கள் தெருவில் மூன்று வீடுகள்



"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றார்கள். மன்னார்குடியில் ஒரே தெருவில் வரிசையாக இருக்கும் எங்கள் குடும்பத்து மூன்று வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது கொள்ளுத்தாத்தா வீடு. மண் சுவர், நாட்டு ஓடு. அடுத்தது 1954-ல் தாத்தா கட்டிய மெட்ராஸ் ஒட்டு வீடு. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு இறுக்கிய மாடி. மூன்றாவது 1987-ல் அப்பா கட்டிய கான்கிரீட் வீடு.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயலில் கொள்ளுத்தாத்தா வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. அந்த மனையில் 2020-ல் நான் வீடு கட்டினேன். பிளான் என்னுடையதுதான். மனை முழுக்க மண் கொட்டி, மூன்றரை அடிக்கு பேஸ்மட்டம். "இன்ஜினீயர் வீடுன்னா சும்மாவா!" என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

2021 நவம்பர் மழையில் என் வீட்டு மேல்படிகூட நனையவில்லை. பக்கத்தில் தாத்தா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அங்கே தனியாக இருக்கும் அத்தை, கட்டில்மேல் அரிசி டின்னை ஏற்றி வைத்துவிட்டு, "உன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" என்றுதான் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

தாத்தா காலத்தில் அந்த வாசலுக்கு மூன்று படி ஏறணும். ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, இன்று தெருவும் வாசலும் ஒரே மட்டம். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போடணும் என்று 2021-ல் அரசு உத்தரவு வந்தது. ஆனால் ரோட்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அத்தை வீட்டு மழைத்தண்ணீர் காலங்காலமாகக் கொள்ளுத்தாத்தா கொல்லை வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போனது. அந்த வழியில் மண் கொட்டியவன் நான்.

"வீடு தாங்காதுன்னு எழுதிக் குடு, இடிச்சிடலாம்" என்றார் சித்தப்பா. ஏறிப் பார்த்தேன். கட்டைகளில் ஒரு அரிப்பு இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் பிறகு சிமெண்ட் பூசியதால் ஈரம் வெளியேறாமல் ஓதம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுக்கவில்லை. சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம். என் கொல்லையை வெட்டித் தண்ணீருக்குப் பழைய வழியை விட்டேன். அடுத்த மழைக்குத் தண்ணீர் வாசலோடு நின்றது.

சர்வே வகுப்பில் டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு மைதானம் சுற்றினோமே, ஞாபகமிருக்கிறதா? "பெஞ்ச் மார்க் எங்கப்பா?" என்று சார் முதலில் கேட்பார். மனை போடும் நண்பர்களே, எனக்கு அது அத்தை வீட்டு வாசற்படி. உங்களுக்கும் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கும். பார்த்துவிட்டு மட்டம் வையுங்கள்.