கைபேசிக்கும் ஒரு சிறுவாடு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் குழு ஒன்றின் கணக்காளர் பேசியது)

 

எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லைங்க. குழுக் கணக்கு எழுதுவேன், தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். போன மாதம் எங்க குழுக் கூட்டத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் செய்து காட்டினேன். அதை இங்கே எல்லாருக்கும் சொல்லணும்னு தலைவி அக்கா கேட்டுக்கிட்டாங்க. விஷயம் போன் சார்ஜைப் பற்றியது. தீர்ந்தால் போட்டுக்கலாம், இதுக்கு ஒரு பேச்சா என்று நினைப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு ராத்திரி வரைக்கும்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். நம்ம ஊரில் ஷிப்ட் என்றால் ஒன்றரை ஷிப்ட் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. ஷிப்மென்ட் அவசரம் என்றால் பத்தும் ஆகும், பதினொன்றும் ஆகும். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ டைமில் எடுத்துப் பார்க்கலாம்தான். ஆனால் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் டீ குடிக்கிறதா, பாத்ரூம் போகிறதா, லாக்கருக்கு ஓடுகிறதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கிளம்பும்போது போனில் 60 சதவீதம் இருந்தது. போதும் என்று வந்துவிட்டேன். வேலை முடிய மணி பத்தே முக்கால். போனை எடுத்துப் பார்த்தால் கறுப்பா இருக்குது. பட்டனை அழுத்தினேன், காலி பேட்டரி படம் காட்டிவிட்டு அணைந்து போச்சு. எப்பவும் எங்க வீதி முனை வரைக்கும் வருகிற வேன் அன்னைக்கு மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போயிடுச்சு. குறுக்கு வழியில் வேகவேகமாக நடந்து வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடக்குது. உள்ளே லைட் எரியுது. என் பொண்ணைக் காணோம். அவளுக்கு அப்போ பதிமூணு வயசு. வீட்டில் நாங்க இரண்டு பேர்தான்.

வீட்டில் ஒரு பழைய பட்டன் போன் உண்டு. அதிலிருந்து ஒன்பது மணி முதல் எனக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சுவிட்ச் ஆஃப் என்றே வந்திருக்குது. பயந்துபோய் அந்தப் போனையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாள். நான் ஒரு வழியில் வந்தேன், அவள் வேறு வழியில் போனாள். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா தன் போனை நீட்டி, "நம்பர் சொல்லு கண்ணு" என்றார். எனக்கு நம்பர் தெரியலைங்க. எல்லா நம்பரும் செத்துப்போன போனுக்குள்ளே இருக்குது. சார்ஜரைச் செருகினேன். அது உயிர் வந்து எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. கால் போட்டதும் எடுத்தாள். "எங்கம்மா இருக்கிற?" என்றாள். டீக்கடை அண்ணன் ஒருத்தர் வீடு வரைக்கும் கூட்டி வந்து விட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்னைக்கும் வயிற்றைக் கலக்குது.

மறுநாள் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். அன்னைக்கு நான் ஒரு கால் கூடப் பேசவில்லை. அப்போ 60 சதவீதம் எங்கே போச்சு?

எங்க குழுவில் டிப்ளமா படித்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். என் போனை வாங்கி, அமைப்புகள் உள்ளே போய், பேட்டரி என்ற இடத்தைத் திறந்து காட்டினாள. குழுக் கணக்கு மாதிரி வரிசையா பட்டியல் இருக்குதுங்க. எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று அதில் தெரியுது. நாலு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோ எல்லாம் தானாக இறங்கியிருக்குது. பொண்ணு வைத்த விளையாட்டு மூடாமல் ஓடியிருக்குது. இதில்லாமல் இன்னொன்று சொன்னாள்: இரும்பு லாக்கருக்குள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்காது, போன் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், தேடத் தேடச் சார்ஜ் இறங்கும். நான் போனைத் தொடாத நேரத்தில்தான் அது தீர்ந்திருக்குது.

பேட்டரியும் பழசு. என் தம்பி நாலு வருஷம் ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த போன் அது. நம்மில் பல பேருக்குப் போன் அப்படித்தானே வருது. போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991ல் கடைக்கு வந்தது, அதை உருவாக்கிய மூன்று பேருக்கு 2019ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நல்ல பொருள்தான், ஆனால் தேயும் பொருள். சில நூறு தடவை நிரப்பிக் காலி செய்தால் முன்பு பிடித்த அளவு பிடிக்காது. நம்ம பனியன் போகிற ஐரோப்பாவில், 800 தடவை சார்ஜ் செய்த பிறகும் புதுசில் பிடித்ததில் 80 சதவீதம் பிடிக்கணும் என்று 2025 ஜூனிலிருந்து சட்டமே போட்டிருக்கிறார்கள். அதனால் பழைய போனில் 60 என்று காட்டுவதும் புதுப் போனில் 60 என்று காட்டுவதும் ஒன்றில்லை.

சார்ஜ் 20க்கு வந்தால் போன் ஒரு எச்சரிக்கை காட்டும். பார்க்க நாம் பக்கத்தில் இருக்கணுமே. ஆபீசில் மேஜை மேல் போனை வைத்திருப்பவர்கள் பார்த்துச் சேமிக்கலாம். லாக்கரில் வைக்கிற நமக்கு அது ஆகாது. நாம் பக்கத்தில் இல்லாதபோது போன் தானாகவே சேமிக்கணும்.

இது நமக்குத் தெரியாத வித்தை இல்லைங்க. நம்ம அம்மாக்கள் அரிசிப் பானைக்குள்ளே சிறுவாடு வைத்தது எப்படி? செலவு போக மிச்சத்தை வைக்கவில்லை, முதலிலேயே எடுத்து வைத்தார்கள். 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய நம்ம குழுக்களும் அதே பாடத்தில்தான் நிற்குது: முதலில் சந்தா, அப்புறம் செலவு. போனுக்கும் அதே சட்டத்தைப் போடணும். இவ்வளவுக்குக் கீழே போனால் அது வீட்டுக்குப் பேசுவதற்கான சார்ஜ், வீடியோவுக்குக் கிடையாது என்று ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும்.

எப்படிச் சொல்லி வைப்பது என்று சொல்கிறேன். அமைப்புகள், அதாவது செட்டிங்ஸ் திறங்க. பேட்டரி என்பதைத் தொடுங்க. உள்ளே பேட்டரி சேவர் என்று இருக்கும். தமிழில் வைத்திருந்தால் பேட்டரி சேமிப்பான் என்று வரலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடும் பெட்டியில் பேட்டரி என்று அடித்தால் வந்துவிடும். அதற்குள்ளே ஷெட்யூல் என்று ஒன்று இருக்குது. அதைத் தொட்டு, சதவீதத்தை வைத்து என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கோடு வரும். விரலால் நகர்த்தி 30, 40 என்று எவ்வளவு வேண்டுமோ அதில் நிறுத்துங்க. 2014ல் ஆண்ட்ராய்டு 5ல் இந்த வசதி வந்தபோது 15, 5 என்று இரண்டே அளவுதான். இப்போ நம் இஷ்டம். நல்லா சார்ஜ் ஏறினதும் தானாக அணைந்துகொள் என்றும் ஒரு பொத்தான் இருக்கும், அதையும் போட்டு வையுங்க.

எல்லாப் போனிலும் ஒரே இடத்தில் இருக்காது. சாம்சங்கில் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ் என்ற பகுதியில், பேட்டரி இவ்வளவுக்குக் கீழே போனால் பவர் சேவிங்கைப் போடு என்று ஒரு விதி எழுதணும். சில கம்பெனிப் போனில் சதவீதத்துக்குப் பதிலாக நேரம் கேட்கும். அப்படியானால் வேலைக்குள் நுழைகிற நேரத்தையும் வெளியே வருகிற நேரத்தையும் கொடுங்க, இன்னும் நல்லது.

எத்தனை சதவீதம் வைக்கலாம்? வீட்டில் தைக்கிறவர்கள், பிசிறு வெட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பீங்க. உங்களுக்கு 20 போதும். கம்பெனிக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் 50 வையுங்க. பழைய பேட்டரியாக இருந்தால் இன்னும் கூட்டி வையுங்க.

சேவர் வேலை செய்யும்போது கால் வரும், எஸ்எம்எஸ் வரும், வங்கி ஓடிபியும் எஸ்எம்எஸ் என்பதால் வரும். திரை கொஞ்சம் மங்கும், கறுப்பாகலாம். பின்னால் ஓடுகிற ஆப்களை அது கட்டிப் போடும். அதனால் வாட்ஸ்அப் செய்தி தாமதமாகலாம். திரை அணைந்திருக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டுகிற லொகேஷனும் நிற்கலாம். வீட்டுக்காரரோ பிள்ளையோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்க.

இதில் நானே ஒரு தடவை மாட்டினேன். சேவர் போட்ட புதுசில், வங்கியில் கடன் மனுவுக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த செய்தி சாயங்காலம்தான் எனக்குக் காட்டியது. ஒரு நாள் தள்ளிப் போச்சு, குழுவில் திட்டும் வாங்கினேன். கோபத்தில் சேவரையே எடுத்துவிட்டேன். அந்தத் தங்கச்சிதான் வழி சொன்னாள்: செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், அதில் பேட்டரி, அங்கே அன்ரெஸ்ட்ரிக்டட் என்று போட்டால் அந்த ஒரு ஆப்பை மட்டும் பெரும்பாலும் கட்டாது. ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் கொடுங்க. கேட்கிற எல்லாருக்கும் கடன் கொடுத்தால் குழு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்புக்கு இப்படிக் கொடுத்தால், அதற்குள்ளேயே போய் வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்திவிடணும்.

இன்னும் மூன்று சங்கதி. பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று விளம்பரம் போடுகிற ஆப் எதையும் இறக்காதீங்க. வசதி போனுக்குள்ளேயே இருக்கும்போது அது கூடுதல் செலவுதான். அயர்னிங் டேபிள் பக்கத்திலோ வெயிலில் நிற்கிற வண்டி டிக்கியிலோ போனை வைக்காதீங்க, சூடு பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். பேட்டரி உப்பி, மூடி தூக்கிக்கொண்டால் சார்ஜ் போடாதீங்க, அன்னைக்கே கடையில் காட்டுங்க.

என்ன செய்தாலும் போன் ஒரு நாள் தீரத்தான் செய்யும். சார்ஜ் இல்லாத போனில் 112ம் போகாது, மகளிர் உதவி எண் 181ம் போகாது. அதனால் வீட்டு நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், குழுத் தலைவி நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஐடி கார்டுக்குப் பின்னால் செருகி வையுங்க. வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டுங்க. ஒரு நம்பராவது மனப்பாடமா இருக்கட்டும். எனக்கு இப்போ மூன்று தெரியும்.

போன மாதக் கூட்டத்தில் நாங்க பன்னிரண்டு பேரும் போனை நடுவில் வைத்தோம். பத்து போனில் சேவரை அமைத்து முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. மீதி இரண்டு பட்டன் போன். அந்த அக்கா ஒருத்தர், "ஏனுங் அம்மிணி, எனக்கு நாலு நாளைக்குச் சார்ஜ் நிக்குது, உங்களுக்குத்தான் பாவம்" என்று சிரித்தார். நியாயமான பேச்சுதான்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மாதக் கூட்டத்தில் பாஸ்புக் சரிபார்க்கிற மாதிரி, ஒரு தடவை எல்லாக் குழுவிலும் போனையும் சரிபார்க்கணும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் போட்டுக் கொடுக்காமல், அவர்கள் கையாலேயே போட வைக்கணும். போன் மாறினால் அவர்களே மறுபடி செய்துகொள்வார்கள்.

எனக்கு இப்பவும் அதே பழைய போன்தான். முந்தாநாள் கூட வேலை முடியப் பத்தரை ஆச்சு. லாக்கரைத் திறந்தேன், 22 சதவீதம் இருந்தது. வேனில் ஏறினதும் பொண்ணுக்குப் போட்டு, "கிளம்பிட்டேன் கண்ணு, கதவைச் சாத்திக்கோ" என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம் கூட ஆகலைங்க.