சிறுவர் ரயிலில் தாத்தாவும் ஏறலாம்
(சங்கத்தின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். பழைய நீராவி இன்ஜின்கள் இருக்கின்றன. சிறுவர் ரயிலும் உண்டு.

பேரப்பிள்ளையை ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் பையோடு வெளியே நிற்க வேண்டாம். ராட்டினம்போல இதில் தலை சுற்றாது. கூடவே ஏறுங்கள்.

இறங்கியதும் நம் ரயிலின் கதையைச் சொல்லுங்கள். முத்துப்பேட்டை வழியே முன்பு ஓடியது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே மீட்டர். இன்றைய அகலப்பாதை 1.676 மீட்டர். பாதையை மாற்ற நிறுத்திய ரயில் பல ஆண்டுகள் கழித்தே திரும்பியது. நம் பிள்ளைகள் பலர் அந்தப் பழைய ரயிலைப் பார்த்ததே இல்லை.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் இன்றும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது. அங்கே போனால் தண்டவாளத்தைக் காட்டி, “நம்ம ஊர் ரயிலும் இந்த அகலத்துலதான் ஓடுச்சு” என்று சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு யார் சொல்வார்கள்?