முருங்கையை வெட்டி வளர்ப்போம்

(மருங்காபுரி வட்டார உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காவிரி நம் மாவட்டத்தில்தான் ஓடுகின்றது. எனினும் அதன் வாய்க்கால் நீர் இம்மேட்டு நிலத்தை எட்டுவதில்லை. மழையையும் கிணற்றையும் நம்பியே இங்கு உழவு நடைபெறுகின்றது. இத்தகைய செம்மண் நிலத்தில், குறைந்த நீரைக்கொண்டு குடும்பத்திற்குக் கீரையும் காயும் தரவல்ல மரம் முருங்கை. அதை நடுவதற்கு நாம் தயங்குவதில்லை. வெட்டுவதற்குத்தான் கை கூசுகின்றது. அக்கூச்சத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

என் இளமையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. கூரைக்கு மேல் இரண்டு ஆள் உயரம். அதில் அரிவாள் படக்கூடாது என்பார் என் தாயார். ஓர் ஆடி மாதத்துக் காற்றில் அது நடுமரத்தில் முறிந்து விழுந்தது. அன்றாடம் குழம்புக்குக் காய் தந்த மரம் போனபின், அவர் பல மாதம் காய் வாங்கக் காசு தேட வேண்டியிருந்தது. மரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி நாங்களே அதை இழந்தோம்.

“முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்” என்பது பழமொழி. பிற்பாதியை நாம் கைவிட்டது நன்றே. முற்பாதியையும் சேர்த்துக் கைவிட்டதுதான் பிழை. முருங்கையின் கட்டை மென்மையானது. உயர உயரக் காற்றுக்கு முறியும். புதிதாகத் துளிர்த்த கிளைகளிலேயே பூ மிகுதியாகப் பிடிக்கும். வெட்டாத மரத்தில் காய் உச்சிக்குப் போய்விடும். பறிப்பதும் அரிது, கம்பளிப்பூச்சியை அழிப்பதும் அரிது.

முதலில் நடவு. போத்து நடுவோர், நன்கு காய்த்த மரத்திலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள முற்றிய கிளையை வெட்டி, அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நடுக. மேல்நுனியில் சாணத்தை அப்புக. விதை நடுவோருக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை உள்ளது. 45 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை 2.5 மீட்டர் இடைவெளியில் எடுத்தால் ஏக்கருக்கு 640 மரங்கள் நிற்கும். விதை 250 கிராம் போதும். பையில் வளர்த்த நாற்றாயின், ஆணிவேர் அறாமல் மண்கட்டியோடு நடுதல் வேண்டும். எம்முறையில் நட்டாலும் அடியில் நீர் தேங்கலாகாது. தேங்கினால் வேர் அழுகும்.

அடுத்தது கிள்ளுதல். விதையிலிருந்து வந்த செடி 75 சென்டிமீட்டர் உயரம் எட்டியதும் நுனியைக் கிள்ளிவிடுக. அச்செயல் ஒன்றே பக்கக் கிளைகளைப் பெருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம்.

இறுதியில் கவாத்து. செடிமுருங்கையில் ஓராண்டுக் காய்ப்பு ஓய்ந்ததும், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு, மேற்பகுதி முழுவதையும் அறுத்துவிடுக. அடர்மழை நாளில் அறுக்கலாகாது. அரிவாளால் கொத்தினால் கட்டை பிளக்கும், ரம்பமே ஏற்றது. வெட்டுவாய் சாய்வாக இருப்பின் மழைநீர் வழிந்தோடும். துளிர்ப்பவற்றுள் நாற்புறமும் பரவிய நான்கைந்து கிளைகளை நிறுத்தி, ஏனையவற்றைக் களைக. ஒரு வாரத்துள் மரத்திற்கு 25 கிலோ தொழுவுரமிட்டு நீர் பாய்ச்சுக. நான்கைந்து மாதத்தில் மீண்டும் காய்க்கும். இவ்வாறு மூன்று ஆண்டு மறுதாம்பு எடுக்கலாம். கொல்லையில் நிற்கும் பழைய மரத்தையும் ஆடிக் காற்றுக்கு முன்பே உயரம் குறைத்துவிடுதல் நலம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெட்டிய கிளைகளை வேலியோரம் எறியாதீர்கள். தழை ஆட்டுக்கு ஆகும். நல்ல மரத்துப் போத்து மரமில்லாத வீட்டுக்கு ஆகும். கவாத்துக் காலத்தில் ஒரு நாளைக் குறித்துப் போத்துகளைத் திரட்டி, பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் அருகிலும் அங்கன்வாடியிலும் நடச் செய்யுங்கள். ஊராட்சிக்கு இதனால் பெருஞ்செலவு இல்லை. பிள்ளைகளின் தட்டிலோ கீரை வந்து சேரும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் கொல்லை மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கைக்கு எட்டாத காய் தெரிந்தால், ரம்பத்தை எடுக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று அறிக.